தாயின் எதிர்ப்பொருளும் குழந்தையின் எச்.ஐ.வி. பரிசோதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் ரத்தத்தைச் சாதாரண எச்.ஐ.வி. சோதனைக்குக் கொடுத்தால், குழந்தைக்குத் தொற்று இல்லாவிட்டாலும் முதல் சில மாதங்களில் முடிவு பெரும்பாலும் ‘ரியாக்டிவ்’ என்றே வரும். அந்தச் சோதனை தேடுவது வைரஸை அன்று, அதற்கு எதிராக உடல் உருவாக்கும் புரதமான எதிர்ப்பொருளை. அந்த வயதில் குழந்தையின் உடலில் இருக்கும் எதிர்ப்பொருளோ தாயிடமிருந்து வந்தது. இது தெரியாததால் அந்த ஒற்றைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கலங்கும் பெற்றோர்களும் உண்டு. ‘அதெல்லாம் அம்மாவுடையதுதான், தானாகப் போய்விடும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குழந்தைக்குச் செய்ய வேண்டிய சரியான சோதனையையே தவறவிடும் பெற்றோர்களும் உண்டு. இரு தரப்பினரையும் மனத்தில் வைத்தே கீழ்க்கண்ட பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

ஐந்து மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தனியார் லேபில் ரத்தம் கொடுத்தோம். எச்.ஐ.வி. ‘ரியாக்டிவ்’ என்று தாளில் இருக்கிறது. குழந்தைக்குத் தொற்று வந்துவிட்டதா?

அந்தத் தாளை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அது உறுதியாகச் சொல்வது ஒன்றைத்தான்: பெற்ற தாய்க்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது, அல்லது இருக்க வாய்ப்பு மிக அதிகம். தாய்க்குத் தொற்று இருப்பது முன்பே தெரிந்திருந்தால் இந்த முடிவால் புதிதாக அறிந்தது எதுவுமில்லை. தெரியாதிருந்தால், குழந்தையின் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றே தாயும் தந்தையும் சோதனை செய்துகொள்ள வேண்டும். குழந்தைக்கு வைரஸையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்ய வேண்டும்.

ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எதிர்ப்பொருள் சோதனையைச் செய்து, அதன் பொருளை விளக்காமல் தாளை மட்டும் நீட்டுவது சரியான வழக்கமன்று என்பது என் கருத்து. ஆனால் அதே சோதனையில் ‘நான்-ரியாக்டிவ்’ என்று வந்தால் அதற்கு மதிப்பு உண்டு. தாய்ப்பால் குடிக்காத, ஆறு மாதத்தைக் கடந்த குழந்தைக்கு அப்படி வந்தால், தாயின் எதிர்ப்பொருள் கரைந்துவிட்டது, குழந்தை தானாகவும் எதையும் உருவாக்கவில்லை என்று பொருள்.

தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்துக்குள் எப்படிப் போகிறது? தாய்ப்பால் வழியாகவா?

கர்ப்பத்திலேயே, நஞ்சுக்கொடி வழியாகப் போகிறது. எதிர்ப்பொருள்களில் பல வகைகள் உள்ளன, அவற்றுள் ஐ.ஜி.ஜி. என்ற வகையை மட்டும் பிடித்துக் குழந்தையின் பக்கம் கொண்டு சேர்க்கும் ஏற்பிகள் நஞ்சுக்கொடியில் இருக்கின்றன. ஐ.ஜி.எம். போன்ற மற்ற வகைகள் கடப்பதில்லை. கர்ப்பத்தின் நான்காம் மாத வாக்கில் மெதுவாகத் தொடங்கும் இந்தக் கடத்தல், கடைசி வாரங்களில்தான் வேகம் பிடிக்கிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. அளவு தாயின் அளவுக்கு இணையாகவோ சற்று அதிகமாகவோ இருப்பது இயல்பு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இது குறைவாகவே கிடைத்திருக்கும்.

நஞ்சுக்கொடி இதில் ஆள் பார்ப்பதில்லை. கர்ப்பிணிக்குப் போடும் டி.டி. தடுப்பூசியால் உருவாகும் ரணஜன்னி (டெட்டனஸ்) எதிர்ப்பொருள் எந்த வழியில் குழந்தைக்குப் போய் அதைப் பிறந்த முதல் வாரங்களில் காக்கிறதோ, அதே வழியில்தான் எச்.ஐ.வி. எதிர்ப்பொருளும் போகிறது. தாய்வீட்டுச் சீரைப் போல இது ஒருமுறை கொடுத்தனுப்பியதுதான். செலவாகத் தொடங்கினால் மீண்டும் நிரம்பாது.

தாய்ப்பாலிலும் எதிர்ப்பொருள் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி ஐ.ஜி.ஏ. வகை, அது குழந்தையின் வாய், தொண்டை, குடல் ஆகியவற்றின் மேற்பரப்பில் நின்று வேலை செய்யுமே தவிர, ரத்தத்தில் கணக்கில் வரும் அளவுக்குச் சேர்வதில்லை. ஆகவே ‘பால் கொடுத்ததால்தான் ரியாக்டிவ் வந்தது, பாலை நிறுத்தினால் மாறிவிடும்’ என்று சொல்வது தவறு.

அந்த எதிர்ப்பொருள் எத்தனை நாள் இருக்கும்? ஏன் 18 மாதம் என்கிறார்கள்?

ஐ.ஜி.ஜி.யின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 21 நாள் ஆகும். இந்தக் கணக்கை அப்படியே போட்டால் பத்து முறை பாதியாவதற்கு 210 நாள், அதாவது ஏழு மாதம்; அப்போது எஞ்சியிருப்பது தொடக்க அளவில் 1,024இல் ஒரு பங்கு. அவ்வளவு குறைந்த பிறகும் சோதனை ஏன் ‘ரியாக்டிவ்’ என்கிறது என்று கேட்டால், இரண்டு காரணங்கள் உண்டு. நீண்ட நாள் தொற்று உள்ள தாயின் ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் தொடக்கத்திலேயே மிக மிக அதிகம். அதோடு, இன்றைய கருவிகள் மிகச் சொற்ப அளவையும் பிடித்துவிடும் நுட்பம் கொண்டவை. ரத்த வங்கியிலும் பெரியவர்களின் சோதனையிலும் வரமாக இருக்கும் அந்த நுட்பம், கைக்குழந்தையின் விஷயத்தில் குழப்பத்தை நீட்டித்துவிடுகிறது.

பல குழந்தைகளுக்கு ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றேகால் வயதுக்குள் சோதனை ‘நான்-ரியாக்டிவ்’ ஆகிவிடுகிறது. சிலருக்கு இன்னும் தாமதமாகிறது. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் தாயின் எதிர்ப்பொருள் போய்விட்டிருக்கும் வயது என்ற வகையில் 18 மாதம் எல்லையாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வயதுக்கு மேல் எதிர்ப்பொருள் இருந்தால் அது குழந்தையே உருவாக்கியது என்று கொள்ளலாம்.

எதிர்ப்பொருள் சோதனையே தவறானது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1986இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் வெளிப்பட்டதும் எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா சோதனையால்தான். வேலூரில் அந்தச் சோதனை நடந்தது. பெரியவர்களுக்கு அது இன்றும் முதல் சோதனை.

எதிர்ப்பொருள் என்றாலே நோயை எதிர்ப்பதுதானே? தாயிடமிருந்து இவ்வளவு வந்திருக்கும்போது அது குழந்தையைக் காப்பாற்றாதா?

நியாயமான கேள்வி. அம்மை, ரணஜன்னி போன்றவற்றில் தாயின் எதிர்ப்பொருள் உண்மையிலேயே காப்பாற்றுகிறது. எச்.ஐ.வி.யில் அதை நம்பியிருக்க முடியாது.

உடல் உருவாக்கும் எச்.ஐ.வி. எதிர்ப்பொருள்களில் பெரும்பாலானவை வைரஸின் ஏதோ ஒரு பகுதியில் ஒட்டிக்கொள்கின்றனவே தவிர, அது செல்லுக்குள் நுழைவதைத் தடுப்பதில்லை. நுழைவைத் தடுக்கும் ஆற்றலுள்ள எதிர்ப்பொருள்களும் உருவாகின்றன, ஆனால் எச்.ஐ.வி. தன்னைப் பெருக்கும்போதே பிழைகளோடு பெருகுவதால், அதன் மேலுறைப் புரதம் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புரதத்தைச் சர்க்கரை மூலக்கூறுகள் போர்த்தியும் இருப்பதால் எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ள இடம் குறைவு. தாயின் உடல் நேற்றைய வைரஸுக்குத் தக்க எதிர்ப்பொருளைத் தயாரித்து முடிக்கும்போது, இன்று ரத்தத்தில் ஓடுவது வேறு வடிவம். தாயின் எதிர்ப்பொருளுக்குத் தப்பிய வடிவங்களே குழந்தைக்குப் போய்ச் சேர்வதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எல்லா ஆய்வுகளும் அதில் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வைரஸின் பல வடிவங்களையும் ஒருசேரத் தடுக்கக்கூடிய, அரிதாகச் சிலரது உடலில் மட்டும் உருவாகும் எதிர்ப்பொருள்களைப் பிரித்தெடுத்து, பிறந்த குழந்தைகளுக்கு ஊசியாகப் போடும் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஆனால் இன்று எந்த மருத்துவமனையிலும் கர்ப்பிணிக்குக் கூட்டு மருந்துக்கு, அதாவது எச்.ஐ.வி.யை அடக்கச் சேர்த்துக் கொடுக்கும் மருந்துகளுக்கு, பதிலாகக் கொடுக்கக்கூடிய நிலையில் அவை இல்லை.

இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எச்.ஐ.வி. உள்ள தாயிடமிருந்து மற்ற நோய்களுக்கான எதிர்ப்பொருள்கள் குழந்தைக்கு வழக்கத்தைவிடக் குறைவாகவே கடக்கின்றன. எனவே தொற்றே இல்லாமல் தப்பித்த குழந்தைக்கும் முதல் வருடத்தில் சளி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். தடுப்பூசியில் ஒரு நாள் தாமதமும் கூடாது.

அப்படியானால் வைரஸ் குழந்தைக்கு எப்போது போகிறது?

கர்ப்பத்திலும், பிரசவத்திலும், தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் போகலாம். எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் மூன்றும் சேர்த்து நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று ஏற்படும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தால், எதுவுமே செய்யாதபோதும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் தப்பிக்கிறார்கள். ‘தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கும்’ என்ற பேச்சு எக்காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை. இந்த மூன்றில் பிரசவ நேரமே, அதன் குறுகிய அளவுக்கு, மிக ஆபத்தானது. குழந்தை தாயின் ரத்தத்தோடும் பிறப்புறுப்புத் திரவங்களோடும் நேரடியாகப் படுவது அப்போதுதான்.

கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு எடுத்த சோதனையில் ‘நெகட்டிவ்’ வந்துவிட்டது. அதன் பிறகு கவலை வேண்டாம் அல்லவா?

பெரும்பாலோருக்கு வேண்டாம். ஆனால் கர்ப்பகாலத்தின் பிற்பகுதியிலோ பால் கொடுக்கும்போதோ தாய்க்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டால், அந்தப் புதுத் தொற்றின் முதல் வாரங்களில் வைரஸ் அளவு உச்சத்தில் இருக்கும். குழந்தைக்குப் போகும் வாய்ப்பும் அப்போது மிக அதிகம். எதிர்ப்பொருள் சோதனையோ அந்தத் தொடக்க நாட்களில் ஒன்றும் காட்டாமல் இருந்துவிடலாம். கணவருக்குத் தொற்று இருந்தாலோ, அவர் சோதனையே செய்துகொள்ளாமல் இருந்தாலோ, கடைசி மாதங்களில் மறுபடியும் சோதனை செய்துகொள்வது நல்லது. ‘அவருக்கு நேரமில்லை, வேலைக்குப் போய்விடுவார்’ என்று மனைவியை மட்டும் அனுப்பிவைக்கும் வழக்கத்தை வீட்டுப் பெரியவர்கள்தாம் மாற்ற வேண்டும்.

தாய் சாப்பிடும் மாத்திரை குழந்தைக்குப் போவதை எப்படித் தடுக்கிறது?

கூட்டு மருந்து தாயின் ரத்தத்தில் வைரஸ் பெருகுவதை அடக்குகிறது. வைரஸ் இல்லாத இடத்திலிருந்து வைரஸ் போக முடியாது. வழி இதுதான் என்பது படிப்படியாகத் தெளிந்தது. ஜிடோவுடின் என்ற ஒரே மருந்தைக் கர்ப்பிணிக்கும், பிரசவத்தின்போதும், பின்னர் குழந்தைக்கும் கொடுத்தபோது தொற்று 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3 விழுக்காடாகக் குறைந்தது என்று 1994இல் வெளியான அமெரிக்க, பிரெஞ்சு ஆய்வு காட்டியது. 1999இல் உகாண்டாவில் நடந்த ஆய்வு, பிரசவ வலியின்போது தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்ததும் குழந்தைக்கு ஒருமுறை சிரப் என்ற மலிவான முறையும் பலன் தரும் என்று நிறுவியது. இந்தியாவிலும் பல ஆண்டுகள் அதுவே நடைமுறையாக இருந்தது. 2014 முதல் தொற்றுள்ள கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும், நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் காத்திராமல், வாழ்நாள் முழுவதற்குமான கூட்டு மருந்து தொடங்கப்படுகிறது.

இப்போது கொடுக்கப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒன்று. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே எடுக்கத் தொடங்கி, 32ஆம் வாரத்துக்கும் 36ஆம் வாரத்துக்கும் இடையே பார்க்கும் வைரல் லோடு சோதனையில் வைரஸ் தென்படாத அளவுக்கு அடங்கியிருந்தால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே போய்விடுகிறது. அந்த வைரல் லோடு தாளை நான் எல்லாத் தாள்களிலும் முக்கியமானதாகக் கருதுகிறேன். குழந்தைக்கு எத்தனை மருந்து, எத்தனை வாரம் என்பதை மருத்துவர் தீர்மானிப்பதும் அதைப் பார்த்தே. பிரசவத்துக்குப் போகும் பையில் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கலாமா?

வெறும் வயிற்றில் ஒன்றாக விழுங்கக் கூடாது. இரும்பும் கால்சியமும் டொலுடெகிராவிரைப் பற்றிக்கொண்டு, அது ரத்தத்தில் சேராமல் குடலோடு வெளியேறச் செய்துவிடும். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இல்லையெனில், கூட்டு மருந்தைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரும்பு, கால்சியம். அல்லது அவற்றைச் சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்துக் கூட்டு மருந்து. நடைமுறையில் எளிது இது: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணிக்கு இரும்புச் சத்து மாத்திரை, இரவு ஒன்பது மணிக்குக் கூட்டு மருந்து. இரவிலும் கால்சியம் இருந்தால், இரண்டையும் இரவுச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளலாம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை ஆன்டாசிட் மருந்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. சாப்பாட்டோடு எடுத்தாலும் இடைவெளி விட்டே ஆக வேண்டும். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் வைரஸ் அடங்கவில்லை என்று வரும் தாயிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த நேரக் கணக்கைத்தான்.

சிசேரியன் செய்தால்தான் பாதுகாப்பா?

வைரஸ் அடங்கியிருக்கும் தாய்க்கு எச்.ஐ.வி.யைக் காரணமாகக் காட்டிச் சிசேரியன் செய்யத் தேவையில்லை. குழந்தை குறுக்கே கிடப்பது போன்ற மகப்பேறு காரணங்கள் இருந்தால் மற்ற எந்தத் தாய்க்கும் செய்வதுபோல இவருக்கும் செய்யப்படும்.

தாய்ப்பால் கொடுக்கலாமா? வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

தாய்ப்பாலில் வைரஸ் உண்டு. தாய்ப்பால் வழியாகத் தொற்றும் உண்டு. இருந்தும், கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிடும் தாய் முதல் ஆறு மாதம் தாய்ப்பாலை மட்டுமே கொடுக்க வேண்டும் என்பதே தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதல். புட்டிப்பாலால் வரும் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் கைக்குழந்தைகளைக் கொல்லும் என்பதும், மருந்தால் வைரஸ் அடங்கிய தாயின் பாலில் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைந்துவிடுகிறது என்பதும் இந்த முடிவுக்குப் பின்னால் உள்ளன. முழுக்க முழுக்கப் புட்டிப்பால் என்று முடிவெடுக்கும் தாயும் இருக்கலாம். சுத்தமான தண்ணீர், கொதிக்க வைக்க வசதி, மாதம் முழுவதும் பால் பவுடர் வாங்கப் பணம், எல்லாவற்றுக்கும் மேலாக ‘ஏன் பால் கொடுக்கவில்லை’ என்று கேட்கும் சுற்றத்தாருக்குச் சொல்ல ஒரு பதில், இவையெல்லாம் இருந்தால் அதுவும் ஒரு வழி.

செய்யவே கூடாதது இரண்டையும் கலப்பது. தாய்ப்பாலோடு பசும்பாலும் தண்ணீரும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு, தாய்ப்பாலை மட்டும் குடித்த குழந்தைகளைவிட அதிகமாகத் தொற்று ஏற்பட்டதைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஆய்வு 1999இல் காட்டியது. வேறு உணவு, குழந்தையின் மென்மையான குடல் உட்சுவரை உறுத்திப் புண்படுத்தி வைரஸ் நுழைய வழிசெய்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

நம் வீடுகளில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பிறந்த அன்றே ராசியான கை என்று ஒருவரை அழைத்துச் சேனை தொட்டு வைப்பார்கள். அது சர்க்கரைத் தண்ணீராகவோ தேனாகவோ இருக்கும். தலைக்குக் குளிப்பாட்டும் நாளில் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் ஆகியவற்றைக் கல்லில் இழைத்து உரை மருந்து என்று சங்கில் புகட்டுவார்கள். வயிறு உப்பினால் கிரைப் வாட்டர். வெயில் அதிகமென்றால் சித்திரை மாதத்தில் ‘தாகத்துக்கு’ இரண்டு பாலாடை வெந்நீர். இவற்றில் எதையும் மாமியார் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் இந்தக் குழந்தைக்கு ஆறு மாதம்வரை இவற்றில் எதுவும் வேண்டாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த சிரப்பும் சொட்டு மருந்தும் மட்டும் விதிவிலக்கு. வீட்டில் நோயைப் பற்றிச் சொல்லாத தாய், ‘ஆறு மாதம் எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்’ என்று சொன்னால் போதும். எல்லாக் குழந்தைகளுக்கும் டாக்டர்கள் சொல்வது அதையேதான். பொய்யும் இல்லை, யாருக்கும் சந்தேகமும் வராது.

காம்பில் வெடிப்போ ரத்தக் கசிவோ, மார்பில் பால் கட்டிச் சீழோ இருந்தால் அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்தி மறுபக்கம் கொடுத்து, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழந்தையின் வாயில் வெண்புண் இருந்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு இட்லி, பருப்புச் சாதம், வாழைப்பழம் என்று இணை உணவு தொடங்கி, தாய்ப்பாலை ஒரு வயதுவரை தொடரலாம். நிறுத்தும்போது ஒரே நாளில் நிறுத்தாமல் ஒரு மாத காலத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா என்றே தெரியாதபோது எதற்கு மருந்து?

பிரசவத்தின்போது ஒருவேளை உள்ளே வந்திருக்கக்கூடிய வைரஸ் வேரூன்றாமல் தடுக்க. தாயின் வைரஸ் அடங்கியிருந்தால் பிறந்ததிலிருந்து ஆறு வாரம் ஒரு சிரப், பொதுவாக நெவிரபின். தாய் தாமதமாகச் சிகிச்சைக்கு வந்திருந்தாலோ வைரல் லோடு அதிகமாக இருந்தாலோ இரண்டு மருந்துகள்; தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது 12 வாரம்வரை நீளும். முதல் வேளை பிறந்தவுடன், முடிந்தவரை சீக்கிரம் கொடுக்கப்பட வேண்டும். ஆறாம் வாரத்திலிருந்து கோட்ரிமாக்சசோல் சேரும், இது எச்.ஐ.வி.க்கான மருந்தன்று, தொற்றுள்ள கைக்குழந்தைகளை வேகமாகக் கொல்லும் ஒருவகை நிமோனியாவைத் தடுப்பது. தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை இது தொடரும்.

குழந்தைக்குச் சரியான சோதனை எது? எப்போது?

ஆறாம் வாரத்தில், முதல் பெண்டாவேலன்ட் தடுப்பூசிக்கு வரும்போதே செய்துவிடலாம். செவிலியர் குழந்தையின் குதிகாலைச் சற்று வெதுவெதுப்பாக்கி, ஓரமாக ஒரு குத்துக் குத்தி, ஊறி வரும் ரத்தத்தைத் தடித்த வடிதாள் அட்டையில் அச்சிட்ட வட்டங்களுக்குள் சொட்டாக நிரப்புவார். அட்டை நிழலில் நன்கு உலர்ந்த பின் உறையிலிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். அந்த உலர்ந்த சொட்டில் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று பி.சி.ஆர். கருவி தேடும். தாயின் எதிர்ப்பொருள் எவ்வளவு இருந்தாலும் இந்தச் சோதனையைக் குழப்பாது. எதிர்ப்பொருளில் வைரஸின் மரபணு கிடையாது.

பிறந்த அன்றே இதைச் செய்தால் கர்ப்பத்தில் ஏற்பட்ட தொற்று தெரியலாம்; பிரசவத்தில் ஏற்பட்டது அன்று தெரியாது. வைரஸ் பெருகிச் சோதனையில் தென்படும் அளவை எட்டச் சில வாரங்கள் வேண்டும் என்பதால்தான் ஆறாம் வாரம். அது ‘நெகட்டிவ்’ என்று வந்தால் பெரிய நிம்மதிதான், ஆனால் அது அன்றுவரைக்கான முடிவு. தாய்ப்பால் தொடரும் வரை வாய்ப்பும் தொடர்வதால் ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் மீண்டும் சோதிக்கிறார்கள். 18ஆம் மாதத்தில் செய்யும் எதிர்ப்பொருள் சோதனை இறுதி முடிவைத் தரும். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது, தவழ்கிறது, பல் முளைத்துவிட்டது என்ற தைரியத்தில் கடைசிச் சோதனைக்கு வராமல் விடும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ‘இல்லை’ என்று எழுதிய தாளை அவர்கள் வாங்காமலேயே போகிறார்கள்.

பி.சி.ஆர். ‘பாசிட்டிவ்’ என்று வந்தால்?

உறுதிப்படுத்த இரண்டாவது மாதிரி எடுப்பார்கள்; அதன் முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சிகிச்சை இல்லாவிட்டால் தொற்றுள்ள குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பிறந்த நாளுக்கு முன்பும், பாதிப்பேர் இரண்டாவது பிறந்த நாளுக்கு முன்பும் இறந்துவிடுகிறார்கள். உடல்நலம் குன்றும்வரை காத்திராமல் முதல் வாரங்களிலேயே மருந்து தொடங்கியபோது இறப்பு 76 விழுக்காடு குறைந்ததைத் தென்னாப்பிரிக்க ஆய்வொன்று 2008இல் காட்டியது. ‘18 மாதம் ஆகட்டும், ஒருவேளை மாறிவிடும்’ என்ற எண்ணம் உயிரையே பறிப்பது இங்கேதான். மாறக்கூடியது எதிர்ப்பொருள் சோதனையின் முடிவு, உறுதிசெய்யப்பட்ட பி.சி.ஆர். முடிவு தானாக மாறாது.

தண்ணீரில் கரையும் குழந்தை மாத்திரைகள் வந்துவிட்டதால் மருந்து புகட்டுவது முன்பைவிட எளிது. ஆனால் அது வாழ்நாள் மருந்து. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கப்பட்ட ஒரு குழந்தை குணமாகிவிட்டதாக 2013இல் உலகமெங்கும் செய்தி வந்தது. மருந்தில்லாமல் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்த பிறகு, 2014இல் வைரஸ் மீண்டும் தலைகாட்டியது.

குழந்தைக்குத் தடுப்பூசிகளைப் போடலாமா?

போட வேண்டும். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி., நோய் அறிகுறி இல்லாத குழந்தைக்கு வழக்கம்போலப் போடப்படும். தொற்று உறுதியாகி உடல்நலம் குன்றிய குழந்தைக்கு மட்டும் உயிருள்ள தடுப்பூசிகளை (வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமியைக் கொண்டவை) போடுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஏரியாவில் எல்லோரும் தெரிந்தவர்கள். நம்பிக்கை மையத்துக்கு (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, சோதனை மையம்) போனால் விஷயம் வெளியே போய்விடாதா?

2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின்படி, ஒருவரின் சம்மதம் இல்லாமல் சோதனை செய்வதும், அவருடைய நிலையை வெளியிடுவதும், மருத்துவமனையிலோ பள்ளியிலோ வேலையிலோ அதைக் காரணமாக்கி ஒதுக்குவதும் பொதுவாகத் தடைசெய்யப்பட்டவை. பாதிக்கப்பட்டவர் முறையிடவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது. சட்டம் இருப்பதாலேயே வாய்கள் மூடிவிடும் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு அருகிலுள்ள மையத்தில் தெரிந்தவர்களைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் வேறொரு பகுதியில் உள்ள மையத்துக்குப் போகலாம். இந்தக் குடியிருப்பில் இருப்பவர் இந்த மையத்துக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை.

சென்னையில் எங்கே போக வேண்டும்? செலவு எவ்வளவு?

மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே எச்.ஐ.வி. சோதனை செய்யப்படும். எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனை, திருவல்லிக்கேணியில் இன்றும் பலர் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை ஆகியவை பெரிய அரசு மகப்பேறு மருத்துவமனைகள். கூட்டு மருந்தை இலவசமாக வழங்கும் திட்டம் 2004 ஏப்ரலில் நாட்டிலேயே முதலில் தொடங்கிய இடங்களுள் தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. தாய்க்கான சோதனை, கூட்டு மருந்து, வைரல் லோடு, குழந்தையின் சிரப், பி.சி.ஆர். அனைத்தும் அரசு மையங்களில் இலவசம். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பவரும் மருந்துக்கும் குழந்தையின் சோதனைக்கும் அரசு மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். எந்த மையம் அருகில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்துக் கேட்கலாம். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.